காய்ச்சலுக்கு மொய் உண்டா?

சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு நம்மைவிடத் தகுதி வாய்ந்தவர் செங்கற்பட்டு ஜில்லாவில் எவரும் இல்லை என்று 2025-ஆம் வருஷத்துத் தீபாவளி வரையில் நாம் எண்ணியிருந்தோம். அவ்விதம் எண்ணுவதற்குக் காரணமும் இருந்தது. முப்பது வருஷமாக நம் வீட்டில் வரவு செலவுக் கணக்கு நோட்டு இருந்து வருகிறது. ஐந்து ரூபாய்க் கொத்தமல்லி கூட அதில் ஏறாமல் தப்பியதில்லை. யாராவது நம்மிடம் வந்து, "கையில் காசு தங்குவதில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டால், அந்த நோட்டை எடுத்துக் காட்டி அரை மணி நேரம் உபதேசம் செய்துதான் அனுப்புவோம். உபதேசம் கேட்டவர்கள் மறுபடியும் நம் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. அவர்கள் திருந்திவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று நாம் சந்தோஷப்பட்டோம்.

தீபாவளி முடிந்த நான்காம் நாள், வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, நம் உபதேசத்துக்கெல்லாம் ஒரு முடிவு வந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. எண்பது வயதான நம் தாயார் பின்கட்டுப் படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். ஓடிப் போய்த் தூக்கி உட்கார வைப்பதற்குள் வலது கை மணிக்கட்டு பூரியைப் போல் உப்பிவிட்டது.

நம் ஊரில் 1965-இல் ஏற்பட்ட அரசினர் மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. அங்கே போயிருந்தால் வைத்தியத்துக்குக் காலணாச் செலவில்லை. ஆனால் மத்தியதர வர்க்கத்துக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? "இந்த வேளையில் அம்மாவால் அங்கே காத்திருக்க முடியாது" என்று நாமாகவே தீர்மானித்து, ஆட்டோ பிடித்துத் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குப் போனோம். அம்மாவின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்து ரூ. 4,500 ஆகும் என்று சொன்னார்கள்.

பெஞ்சியில் உட்கார்ந்து நம்முடைய ஆஸ்தியைக் கணக்கிட்டுப் பார்த்தோம். பாங்கிப் பெட்டகத்தில் நகை இருந்தது. மூன்று வருஷத் தவணையில் போட்ட வைப்புத் தொகை இருந்தது. ஏலச் சீட்டில் பதினொரு மாதம் கட்டிய பணம் இருந்தது. நகைக்கடைச் சீட்டில் ஆறு தவணை இருந்தது. நல்லது, கையில் என்ன இருந்தது? சட்டைப் பையில் ரூ. 160. கைபேசியைத் தட்டினால் வரக்கூடிய கணக்கில் ரூ. 412. ஆக மொத்தம் ரூ. 572. பட்டாசும் பலகாரமும் துணிமணியும் போக எஞ்சியது அவ்வளவுதான். மறுநாள் அந்த மாதத்து நான்காம் சனிக்கிழமை, பாங்கி கிடையாது. அதற்கு மறுநாள் ஞாயிறு. ஊரார் கண்ணுக்குச் சொத்துக்காரராகத் தோன்றும் ஒருவர், திங்கட்கிழமை காலை பத்து மணி வரையில் பரம ஏழையாக இருக்கக் கூடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

மைத்துனருக்குக் கைபேசியில் விஷயத்தைச் சொன்னோம். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா! ரெண்டு லட்சம், மூணு லட்சம் வேணும்னா யோசிச்சு எப்படியாவது ஏற்பாடு பண்ணலாம். இப்படித் திடீர்னு ராத்திரியிலே நாலாயிரம், ஐயாயிரம்னா எங்கே போறது, அத்திம்பேர்?" என்றார். அப்போது நமக்குக் கோபம் வந்தது. பிற்பாடு யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை என்று தோன்றுகிறது.

பணத்துக்கு வழி செய்தவள் நம் மனைவிதான். அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய், தெருக்கோடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாளின் கதவைத் தட்டினாள். "அக்கா, ஒரு கைம்மாத்து வேணும்" என்றாளாம். இட்லிக்கார அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரிசிப் பானைக்குள் கையை விட்டு, மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து, ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுக்களை எண்ணிக் கொடுத்தாள். "திங்கக்கிழமை குடுத்துடுவீங்க இல்லே, அம்மா? கிரைண்டர்காரன் வரான்" என்று மட்டும் சொன்னாள்.

* * *

திங்கட்கிழமை மழை. செவ்வாய்க்கிழமை தாயாரை மறுபடி டாக்டரிடம் காட்டவேண்டியிருந்தது. புதன்கிழமை பாங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து வந்தோம். ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டது. "அந்த அம்மாள்தான் கேட்கவே இல்லையே, நாளைக்குக் கொடுத்தால் போகிறது" என்று இருந்துவிட்டோம். வியாழக்கிழமை காலை, நோட்டுக்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, நன்றியுரை ஒன்றையும் மனத்துக்குள் தயார் செய்துகொண்டு இட்லிக் கடைக்குச் சென்றோம்.

நன்றியுரை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாளின் காதுகளில் எப்போதும் இருக்கும் சிவப்புக்கல் தோடு இல்லை. தோட்டின் துவாரங்களில் இரண்டு வேப்பங்குச்சிகள் செருகியிருந்தன. அதற்கு அர்த்தம் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாவு அரைக்கும் கிரைண்டரின் மோட்டார் தீபாவளி அன்று எரிந்துவிட்டது. அதைச் சீர் செய்ய ரூ. 7,000 வேண்டும். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை தண்டல்காரரிடம் கடன் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அதிலிருந்து எடுத்துத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை கிரைண்டர்காரர் வந்தார். நம்முடைய பணம் வரவில்லை. மேலும் இரண்டு நாள் கடையில் ஆயத்த மாவு வாங்கி இட்லி வார்த்தாள். அதில் லாபம் இல்லை என்பதோடு, இட்லி சரியில்லை என்று வாடிக்கைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். புதன்கிழமை தோட்டை அடகு வைத்து ரூ. 3,000 வாங்கி மோட்டாரைச் சீர் செய்தாள்.

"ஏன் எங்களைக் கேட்கவில்லை?" என்றோம்.

"பெரியம்மாவுக்கு முடியாம இருக்கிறப்போ வந்து நின்னு எப்படி சார் கேக்கிறது?" என்றாள்.

வாசகர்களில் தண்டல் வாங்கியறியாத பாக்கியசாலிகள் சிலர் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறோம். அந்த அம்மாள் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கினாள் என்பது பேச்சு. கைக்கு வந்தது ரூ. 8,500. பாக்கி ரூ. 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். பிறகு தினம் ரூ. 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் கரைந்துகொண்டு வருகிறதல்லவா? நூறு நாளும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக அவள் கையில் இருப்பது ரூ. 4,250-தான். அதற்கு நூறு நாளைக்கு வட்டி ரூ. 1,500 என்றால், வருஷத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 130 ஆகிறது! கொள்ளை வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் செய்திருக்கிறார்கள். எனினும் காலை ஆறு மணிக்கு இட்லிக் கடை வாசலில் சைக்கிள் மணி அடிப்பது நின்றபாடில்லை.

நாம் வாங்கியது வட்டியில்லாக் கைம்மாற்று என்று கணக்கு நோட்டில் எழுதியிருந்தோம். அது வட்டியில்லாத கடன் அல்ல. வட்டியை நமக்குப் பதிலாக வேறொருவர் கட்டிய கடன். கவருடன் கூட ஐந்நூறு ரூபாய் சேர்த்து நீட்டினோம். அதை அவள் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "வட்டி வாங்கினா அது கைம்மாத்து இல்லையே, சார்" என்றாள்.

* * *

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டைத் திறந்தோம். உபதேசம் செய்வதற்காக அல்ல. முதன்முதலாகப் படித்துப் பார்ப்பதற்காக. 'இதர செலவு' என்ற தலைப்பின் கீழ் அந்த ஒரு வருஷத்தில் எழுதியிருந்தவற்றைப் பொறுக்கி எடுத்தோம். தண்ணீர் மோட்டார் பழுது. பேரனுக்குக் காய்ச்சல். தூரத்து உறவில் ஒரு சாவு. போய் வந்த செலவு. பல் பிடுங்கியது. மூக்குக் கண்ணாடி. ஓடு மாற்றியது. பன்னிரண்டு மாதங்களில் ஒன்பது மாதங்களுக்கு ஏதேனும் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடையில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம் கையெழுத்தில் 'எதிர்பாராதது' என்று கண்டிருந்தது. வருஷத்தில் ஒன்பது தரம் வரும் விருந்தாளியை எதிர்பாராத விருந்தாளி என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா? என்ன வரும் என்பதுதான் தெரியாதே தவிர, ஏதாவது ஒன்று வரும் என்பது நிச்சயம்.

அப்படியிருக்க, அதற்கென்று நாம் ஏன் ஒன்றும் வைத்திருக்கவில்லை? ஊதாரித்தனமா? முப்பது வருஷத்து நோட்டு அதை ஒப்புக்கொள்ளாது. விஷயம் வேறு. நாம் சேர்ப்பதெல்லாம் பெரிய காரியங்களுக்காக. கல்யாணம், வீடு, படிப்பு என்று பெயர் உள்ள செலவுகளுக்காக. அவற்றுக்குச் சேர்க்கும் பணத்தை இடையில் எடுத்துவிடக் கூடாதென்று பூட்டுப் போட்டு வைக்கிறோம். நகையாக ஆக்குகிறோம், சீட்டில் கட்டுகிறோம், தவணையில் போடுகிறோம். பூட்டு நல்ல பூட்டு. ஆகையால் திருடனுக்கும் திறப்பதில்லை, நமக்கும் திறப்பதில்லை. கால் சவரன் வளையலின் ஒரு ஓரத்தை மட்டும் நறுக்கி எடுத்து ஆட்டோக்காரருக்குக் கொடுக்க முடியுமா?

நம் சமூகத்தில் பரஸ்பர உதவி இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மொய் வந்து குவிகிறது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டுப் போட்டு, தலைமுறை தலைமுறையாகத் திருப்பிச் செய்கிறோம். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் உண்டு. சாவுக்குக்கூடப் பங்காளிகள் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை இரவில் ஒரு கிழவி வழுக்கி விழுந்தால் அதற்கு மொய் உண்டா? குழந்தையின் காய்ச்சலுக்கு மொய் உண்டா? பந்தல் போடாத செலவுக்கு நம்மிடம் பந்துக்கள் இல்லை.

சர்க்கார் செய்யும் உதவியும் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றுகிறது. பெரிய நோய் வந்து படுத்துக்கொண்டால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையில் வைத்தியம் நடக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை அளிக்கும் திட்டத்தை, நமது ஜில்லாவைச் சேர்ந்த மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தொடங்கி வைத்தார்கள். இவை எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றும் ஏற்பாடுகள். ஆனால் ஐந்து லட்சத்துக்குக் கதவு திறக்கும் இடத்தில் ஐயாயிரத்துக்கு ஜன்னல்கூட இல்லை. மேலும், இலவச வைத்தியம் என்றாலும் அதற்குப் போய்வர ஆட்டோ உண்டு. துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடு உண்டு. அன்றைய தினம் போகாத வேலைக்குக் கூலி இல்லை. நோயாளிக்கு ரசீது இல்லாத செலவுகள் இவை.

* * *

கார்த்திகை மாதத்தில் நாம் மாமல்லபுரத்துக்குப் போக வேண்டியிருந்தது. தாயாருடைய பூஜைக்காகச் சிறிய கல் பிள்ளையார் ஒன்றுக்குச் சொல்லி, முன்பணம் கொடுத்திருந்தோம். இட்லிக்கார அம்மாளுக்குப் பிறந்த வீடு மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள மீனவர் குப்பம் ஒன்றில். அவளும் தம்பியைப் பார்க்கப் புறப்பட்டாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர் பஸ் பிரயாணம். "தண்டல் வாங்குகிற நிலைமை உங்கள் குப்பத்திலும் உண்டா?" என்று வழியில் கேட்டோம். "அங்கே வேற மாதிரி, சார். நீங்களே வந்து கேளுங்க" என்றாள்.

முதலில் சிற்பியின் பட்டறைக்குப் போனோம். கடற்கரைக் கோயிலையும் ரதங்களையும் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தார்கள். மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புகழுக்குக் குறைவில்லை. சாலையின் இரு புறமும் உளிச் சத்தம் ஓயாமல் கேட்டது. நம் பிள்ளையார் தும்பிக்கை வரைக்கும் தயாராகியிருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உயர அம்மன் சிலை, முகம் திறக்காமல் கல்லாகவே நின்றது.

சிற்பி சங்கோசத்துடன், "ஐயா, பாக்கித் தொகையை இன்றைக்கே கொடுத்தால் உபகாரமாக இருக்கும்" என்றார். காரணம் கேட்டோம். அம்மன் சிலைக்கு வாங்கிய முன்பணம் கல் வாங்கியதிலும் அதை லாரியில் ஏற்றி வந்ததிலும் செலவாகிவிட்டது. மிச்சம், சிலை முடிந்து கோயிலார் வந்து எடுத்துப் போகும்போதுதான் வரும். அதற்கு இன்னும் மூன்று மாதம். அது வரையில் கையாட்களுக்குக் கூலி வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். இதற்கு நடுவில் சிறு பையன் ஒருவனுக்குக் கல் சில்லுக் கண்ணில் தெறித்துவிட்டது. "தெய்வ கிருபையால் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ரெண்டாயிரம் ரூபாய் ஆச்சு. அம்மனை விற்றால் லட்சக் கணக்கில் வரும், ஐயா. ஆனால் இந்த ரெண்டாயிரத்துக்கு அம்மனுடைய விரலை விற்க முடியுமா?" என்றார். நம் பாங்கிப் பெட்டகத்து வளையலின் ஞாபகம் நமக்கு வந்தது. பாக்கியைக் கொடுத்தோம்.

குப்பத்தில் அம்மாளின் தம்பி, மணலில் வலையைப் பரப்பி உட்கார்ந்து கண்ணி முடிந்துகொண்டிருந்தார். கடலுக்குப் போய்வந்தால், முதலில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பங்கு போடுகிறார்கள். ஒரு நாள் பங்கு ஆயிரத்தைத் தாண்டும். அடுத்த நாலு நாள் எண்ணெய்க் காசுகூடத் தேறாது. புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையில்தான். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையேறியது இந்த மாமல்லபுரத்தின் அருகில்தானே?

"வருஷத்தோட கணக்குப் பார்த்தா எங்களுக்கு வருமானம் கம்மி இல்லே, சார். ஆனா வருஷத்தையா அடுப்பிலே வைக்க முடியும்?" என்றார் அவர்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய படகு எஞ்சினின் விசிறி உடைந்ததாம். மூவாயிரம் ரூபாய் விஷயம். அது இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. கடலுக்குப் போகாமல் அந்த மூவாயிரம் வராது. மீன் வியாபாரி ஒருவர் உடனே கொடுத்தார். வட்டி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: கடன் தீரும் வரையில் பிடிக்கிற மீனையெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே, போட வேண்டும். "வட்டி இல்லாத கடன்தான். ஆனா வஞ்சிர மீன் எல்லாம் வட்டியாப் போயிடுச்சு" என்று சிரித்தார். கடன் தீர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாதென்று தடை இருக்கிறது. அதற்காக மீனவக் குடும்பங்களுக்குத் தரும் நிவாரணத்தை ரூ. 5,000-லிருந்து ரூ. 8,000 ஆக உயர்த்துவதாக 2023-இல் அறிவித்தார்கள். தேதி போட்டு வரும் கஷ்டத்துக்கு இப்படி ஏதோ ஒரு வழி உண்டு. எஞ்சின் விசிறி தேதி போட்டு உடைவதில்லை.

இது நம் நாட்டு ஏழைகளின் தலைவிதி மட்டுமல்ல. செல்வத்தில் கொழிக்கும் அமெரிக்காவில், திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்நாட்டு மத்திய பாங்கி வருஷந்தோறும் ஜனங்களைக் கேட்கிறது. கையிருப்பிலிருந்தோ அதற்குச் சமமான வழியிலோ கொடுத்துவிடுவோம் என்று 2023-இல் சொன்னவர்கள் நூற்றுக்கு 63 பேர்தான். பாக்கி 37 பேரும் நம் கட்சி! இந்தியா, வங்காள தேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஏழைக் குடும்பங்களின் கணக்கை வருஷம் முழுவதும் விடாமல் குறித்து வந்த ஆராய்ச்சியாளர்கள் நால்வர் 2009-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். ஏழைகளுடைய துன்பம் வருமானம் குறைவு என்பது மட்டுமல்ல, அது ஒழுங்கின்றி வருவதும்தான் என்று அவர்கள் கண்டார்கள். பரம ஏழைகள்கூட ஒரு பக்கம் சேமித்துக்கொண்டும் மற்றொரு பக்கம் கடன் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். நம் குப்பத்துத் தம்பி இதை இலவசமாகவே நமக்குச் சொல்லிவிட்டார்.

* * *

ஊருக்குத் திரும்பிய பிறகு கணக்கு நோட்டில் 'திடீர்' என்று புதிய தலைப்பு ஒன்று போட்டோம். மாதம் பிறந்ததும் ரூ. 1,500 எடுத்து, ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுவிடுவது. அந்தப் பணம் போட்ட அன்றே செலவாகிவிட்டதாகப் பாவிப்பது. அதைச் சீட்டிலோ நகையிலோ போட்டு வளர்க்க ஆசைப்படாமலிருப்பது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான நிபந்தனை. சும்மா கிடக்கும் பணத்தைப் பார்த்தால் நம்மைப் போன்ற சிக்கனக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் இட்லிக்கார அம்மாள் நம் வாசலில் வந்து தயங்கி நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் நம்மிடம் ஒன்றும் கேட்டதில்லை. தம்பியின் எஞ்சினில் மறுபடியும் ஏதோ கோளாறு. வியாபாரியிடம் போய்விடப் போகிறானே என்று பயந்து வந்திருக்கிறாள். டப்பாவில் இரண்டு மாதப் பணம், மூவாயிரம் ரூபாய், இருந்தது. அப்படியே எடுத்துக் கொடுத்தோம். காதில் தோடு திரும்பி வந்திருப்பதையும் கவனித்தோம்.

மனத்துக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு நம் மனைவி, "இப்போது டப்பா காலி. இன்றைக்கு ராத்திரி அம்மா மறுபடியும் விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. ஒரு வீட்டு டப்பா ஒரு சமயத்துக்குத்தான் காணும் என்பது அப்போது புலப்பட்டது. பத்து வீட்டில் ஒரே இரவில் பத்துக் கிழவிகள் விழுவதில்லை. ஆகையால் பத்து வீடு சேர்ந்தால் சிறிய டப்பாவே போதும்.

இந்தப் பெரிய உண்மையை நாம் கண்டுபிடித்துவிட்டதாக இறுமாப்படைவதற்கில்லை. சென்னை மாகாணத்தில் விவசாயிகளின் கடன் தொல்லையைப் பற்றி விசாரிக்க நியமிக்கப்பட்ட பிரெடெரிக் நிக்கல்ஸன் என்னும் அதிகாரி, 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைஸன் என்னும் கிராமத் தலைவர் ஏற்படுத்தியது போன்ற பரஸ்பரக் கடன் சங்கங்கள்தான் வழி என்பது அவருடைய முடிவு. பின்னால் மாகாணத்தின் மீன் துறைக்கு அடிகோலியவரும் அவரே. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே, தேசத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் திரூரில் ஏற்பட்டது. திரூர் இன்று திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கிறது. அன்று அது நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. இந்தத் துறையில் பாரத தேசத்துக்கே வழிகாட்டிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நாம் நான்காம் சனிக்கிழமையை நொந்துகொண்டிருந்தோம்!

1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் அந்த மரபில் வந்தவையே. இட்லிக்கார அம்மாளும் ஒரு குழுவில் இருக்கிறாள். "குழுக் கடன் நல்ல கடன்தான், சார். ஆனா கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, பாங்கியிலே பார்த்து, அப்புறம்தான் வரும். கிரைண்டர் அது வரைக்கும் காத்திருக்காது" என்கிறாள். ஆகவே பெரிய சங்கத்தையும் பாங்கியையும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்கு முன்னால், ராத்திரி பத்து மணிக்குத் தட்டக் கூடிய ஒரு கதவு வேண்டும் என்கிறோம்.

இப்போது நம் தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் மாதம் இருநூறு ரூபாய் போடுகிறோம். விதிகள் நாலே நாலு. மூவாயிரத்துக்கு மேல் இல்லை. வட்டி இல்லை. என்ன காரணம் என்று கேட்பதில்லை. முப்பது நாளில் திருப்பிவிட வேண்டும். கேட்டு வாங்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது. நாலாவது விதியை எழுதச் சொன்னவர் நாம்தான். ஏன் என்று வாசகர்கள் அறிவார்கள். டப்பா இட்லிக்கார அம்மாளின் வீட்டில் இருக்கிறது. தெருவிலேயே முதலில் விளக்கு எரிவதும் கடைசியில் அணைவதும் அங்கேதான். பதினொரு வீட்டுக்காரரும் அவளிடம் ஏற்கெனவே கடன்பட்டவர்கள் என்பது, இதற்காகக் கூடிப் பேசியபோதுதான் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டு வெளியாயிற்று.

முதல் மாதம் டப்பாவில் ரூ. 2,200 சேர்ந்தது. அதிலிருந்து முதற்கடன் வாங்கியவர் யார் என்று வாசகர்கள் கேட்கலாம். மாவுக்கட்டு அவிழ்த்த கையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபோது நம் தாயார் அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். அன்று மாதம் இருபத்தெட்டாம் தேதி. நாம்தான் போய் ரூ. 1,800 வாங்கி வந்தோம். சம்பளம் வந்த அன்று காலை, இட்லி வாங்கப் போகும்போதே அதைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த அம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு, டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பிறகு, "எத்தனை இட்லி, சார்?" என்று கேட்டாள்.